நோயைப் பிந்திக் கண்டுபிடித்தால் வழக்குப் போடலாமா? தீவக மக்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

நெடுந்தீவிலிருந்து நோயாளியை ஏற்றிவரும் படகு, கடல் அமைதியாக இருந்தாலே குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைத் தாம்போதி எல்லாம் கடந்துதான் யாழ். போதனா வைத்தியசாலை என்ற பெரியாஸ்பத்திரி. சோளகம் வீசும் நாட்களில் இந்தக் கணக்கும் பொய்த்துப்போகும். நயினாதீவுக்காரருக்கும் எழுவைதீவு, அனலைதீவுக்காரருக்கும் இதே பாடுதான்.

அதனால் தீவகத்தில் ஒருவர் காலம் தவறி இறந்துபோனால், செத்தவீட்டில் இரண்டு பேச்சு எழும். ஒரு பக்கம், "என்ன செய்யிறது, கடல்தான் கொண்டுபோட்டுது" என்பார்கள். மறுபக்கம், "மூன்று தரம் கொண்டுபோய்க் காட்டினது, ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை" என்பார்கள். இரண்டும் ஒரே மரணத்தைப் பற்றிய பேச்சாக இருக்கலாம், இரண்டும் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சட்டத்தின் முன் நிற்கும்போது கடல் எடுத்த நேரத்தையும் வைத்தியசாலை எடுத்த நேரத்தையும் பிரித்துக் காட்ட வேண்டும். அந்தப் பிரிப்பைத் தெரியாமலே பலர் வழக்குப் போட உள்ள இரண்டு வருட அவகாசத்தைக் கடத்திவிடுகிறார்கள். அடிக்கடி காதில் விழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

நோயைப் பிந்திக் கண்டுபிடித்தாலே அது டொக்டரின் குற்றம்தானே?

இல்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலோடு வந்த சிலர் அடுத்தடுத்து இறந்தபோது முதலில் காரணம் பிடிபடவில்லை. மாதிரிகளைப் பரிசோதித்த பின்னர்தான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. முதல் நாளில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் சாதாரண வைரஸ் காய்ச்சலும் ஒன்றுபோலவே தோன்றும். அந்த முதல் நாளில் ஒரு வைத்தியர் தவறாக ஊகித்தார் என்பதற்காக மட்டும் நீதிமன்றம் அவரைக் கவனயீனமானவர் என்று சொல்லாது.

நீதிமன்றம் கேட்பது வேறொரு கேள்வி. அதே தகைமையும் அனுபவமும் உள்ள ஒரு வைத்தியர், அதே அறிகுறிகளோடு, அதே வசதிகளோடு அந்த இடத்தில் இருந்திருந்தால் நியாயமாக என்ன செய்திருப்பார்? நோயாளி சொன்னதைக் கேட்டாரா, தொட்டுப் பரிசோதித்தாரா, செய்யக்கூடிய சோதனையைச் செய்தாரா, குணம் காணாமல் மறுபடி வந்தபோது முதல் முடிவை மீண்டும் யோசித்துப் பார்த்தாரா என்றெல்லாம் தேடும். பெரும்பாலான வழக்குகளில் கடைசிக் கேள்விதான் கனமானது. முதல் தரம் "கஸ்ரிக்" என்று மருந்து கொடுத்ததில் பிழை இல்லாமல் இருக்கலாம். அதே ஆள் அதே நோவோடு மூன்றாம் தரம் வரும்போதும் இசிஜி எடுக்காமல் அதே மருந்தைக் கொடுத்து அனுப்பினால் நிலைமை வேறு.

எங்கள் தீவில் ஸ்கானும் இல்லை, விசேட வைத்தியரும் இல்லை. அப்படியான இடத்தில் யாரைக் குறை சொல்வது?

இதுதான் தீவகத்துக்கே உரிய கேள்வி. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தீவொன்றில் தனியே கடமை பார்க்கும் வைத்தியரைக் கொழும்பின் இருதய நோய் நிபுணரோடு வைத்து அளக்க முடியாது. கருவி இல்லாத இடத்தில் ஏன் ஸ்கான் எடுக்கவில்லை என்று அவரைக் கேட்பதும் நியாயமில்லை. ஆனால் ஒன்றை அவரிடம் எதிர்பார்க்கலாம். தன்னிடம் இல்லாதது எது, அது எங்கே இருக்கிறது, நோயாளியை எப்போது அங்கே அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தீவில் கடமை பார்ப்பவருக்குக் கடைசிப் படகின் நேரமும் தெரியும், அன்றைய காற்றும் தெரியும். ஆகவே நகரத்து வைத்தியர் "இரவு பார்த்துவிட்டுக் காலையில் முடிவெடுப்போம்" என்று வைத்திருக்கக்கூடிய நோயாளியை, தீவு வைத்தியர் பின்னேரமே மாற்றி அனுப்ப வேண்டியிருக்கும். கடலைச் சொல்லிப் பொறுப்பைக் குறைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். என் பார்வையில், கடல் இருப்பதாலேயே முந்தி அனுப்பும் பொறுப்பு கூடுகிறது.

ஓர் உதாரணம். பகல் ஒரு மணிக்கு நெஞ்சு நோவோடு ஒருவர் ஒரு தீவு வைத்தியசாலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாரடைப்பில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் 12 மணி நேரத்துக்குள் பயன் தரும். அந்த நேரத்துக்குள்ளும் முந்திக் கொடுத்தால் கூடுதல் பயன். பக்கவாதத்துக்கு அந்த அவகாசம் நாலரை மணி நேரம்தான், அதற்கும் முதலில் தலையை ஸ்கான் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் நோயாளியை வாய்வு என்று சொல்லி மாலைவரை வாங்கில் இருத்திவிட்டு, ஆறு மணிக்குப் பிறகு "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ" என்றால் படகு எங்கே? கடற்படைப் படகுக்கு அறிவித்து, அது வந்து ஏற்றி, குறிகட்டுவானில் அம்புலன்ஸில் மாற்றிப் போய்ச் சேர நள்ளிரவாகலாம். இங்கே ஒரு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையிலான நேரத்துக்கு வைத்தியசாலை பதில் சொல்ல வேண்டும். ஆறு மணிக்குப் பிறகு போன நேரத்தில் கடலுக்கும் பங்கு உண்டு, அவசரப் படகை ஒழுங்குசெய்து வைக்க வேண்டிய நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு.

1990 இலக்க சுவசெரிய இலவச அம்புலன்ஸ் 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. அது கரையோடு நின்றுவிடும் சேவை. ஆனால் அதற்கு நீங்கள் எடுத்த அழைப்பின் நேரம் உங்கள் கைபேசியில் பதிவாகியிருக்கும். அழிந்துபோக முதல் அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

இலங்கையில் இப்படி வழக்குப் போட்டு வென்ற ஆட்கள் இருக்கிறார்களா?

நோயைப் பிந்திக் கண்டுபிடித்ததற்காக இலங்கையில் நடந்த வழக்குகளில் சட்டம் படிக்கும் எவரும் தாண்டிப்போக முடியாத ஒன்று, பேராசிரியை பிரியானி சொய்சா எதிர் ரியன்சி அரசகுலரத்ன வழக்கு. அது எங்கே வென்றது, எங்கே தோற்றது என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

1992 இல் கொழும்பில் ஒரு சிறுமிக்கு உடல் அசைவில் கோளாறு தெரிந்தது. நாடறிந்த குழந்தை நல நிபுணர் அவளைப் பார்த்து, வாதக்காய்ச்சலோடு தொடர்புடைய நரம்புக் கோளாறு என்று சிகிச்சை அளித்தார். பிறகு எடுத்த ஸ்கானில் மூளைத்தண்டில் புற்றுக்கட்டி இருப்பது தெரிந்தது. சிறுமி இறந்தாள். தந்தை தானே சட்டத்துறையைச் சேர்ந்தவர், அவர் வழக்குத் தொடுத்தார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் வைத்தியரின் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, தொகையை 2½ இலட்சமாகக் குறைத்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2001 இல் முடிவு வந்தது.

உயர் நீதிமன்றம் வைத்தியரைக் கவனயீனம் இல்லாதவர் என்று விடுவிக்கவில்லை. நோயைச் சரியாகக் கண்டறிவதில் கவனயீனம் இருந்தது என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் கவனயீனம்தான் பிள்ளையின் மரணத்துக்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்றது. அந்த வகைக் கட்டியை முந்திக் கண்டுபிடித்திருந்தாலும் பிள்ளையைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பதே மருத்துவச் சாட்சியம். வழக்கு தள்ளுபடியானது.

தீவகத்தில் ஒருவர் வழக்கறிஞரிடம் போகும்போது முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான். "அவர் பிழை விட்டார்" என்று காட்டுவது பாதிதான். "அந்தப் பிழை நடக்காமல் இருந்திருந்தால் எங்கள் ஆள் பிழைத்திருப்பார், அல்லது கால் போயிருக்காது" என்று காட்டுவது மீதிப் பாதி. குடல்வால் அழற்சி வெடித்த பிறகு கண்டுபிடித்தல், கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தைச் சாதாரண வயிற்றுவலி என்று அனுப்புதல், நீரிழிவுக்காரரின் கால் புண்ணைக் கவனியாமல் விடுதல் போன்றவற்றில் இந்த மீதிப் பாதியைக் காட்டுவது ஒப்பளவில் சுலபம். நேரத்தோடு பார்த்தால் இவற்றைக் குணப்படுத்தலாம் என்று எந்த வைத்தியரும் சொல்வார். முற்றிப்போன புற்றுநோயில் இது மிகக் கடினம். எத்தனை மாதம் முந்தியிருந்தால் நோய் எந்தக் கட்டத்தில் இருந்திருக்கும் என்று சொல்ல ஒரு நிபுணர் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். தன் தொழிலைச் சேர்ந்த இன்னொருவருக்கு எதிராகச் சாட்சிக்கூண்டில் ஏற முன்வரும் வைத்தியரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

லண்டனில் இருக்கும் தம்பி, அங்கே என்றால் உடனே நட்டஈடு கிடைக்கும் என்கிறானே?

தம்பி நினைப்பது போல அங்கேயும் அவ்வளவு சுலபமில்லை. 1994 இல் இங்கிலாந்தில் ஒருவர் கையிடுக்கில் இருந்த கட்டியைக் குடும்ப வைத்தியரிடம் காட்டினார். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். ஏறக்குறைய ஒன்பது மாதம் பிந்தித்தான் அது புற்றுநோய் என்று தெரிந்தது. அந்தத் தாமதத்தால் அவர் குணமடையும் வாய்ப்பு 42 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைந்தது என்று நீதிமன்றம் கண்டது. ஆனாலும் 2005 இல் பிரபுக்கள் சபை, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவருடைய கோரிக்கையை நிராகரித்தது. தொடக்கத்திலேயே வாய்ப்பு பாதிக்குக் குறைவாக இருந்ததால், தாமதம்தான் அவரைக் கெடுத்தது என்று சொல்ல முடியாது என்பது காரணம். கிரெக் எதிர் ஸ்கொட் என்ற அந்த வழக்கில் இரண்டு நீதியரசர்கள் மாறி நின்றதே, இந்த நியாயம் எவ்வளவு உறுத்தலானது என்பதைக் காட்டுகிறது. நூற்றுக்கு நாற்பத்திரண்டு என்பது ஒரு குடும்பத்துக்கு மிகப் பெரிய நம்பிக்கை.

வென்றால் என்ன கிடைக்கும்?

இந்த விடயத்தில் தேசவழமை வராது. தேசவழமை சொத்துக்கும் சீதனத்துக்கும் முதுசத்துக்கும் உரியது. உடலுக்கு நேர்ந்த தீங்குக்கு நாடு முழுவதும் உரோம டச்சுச் சட்டம்தான். அதன்படி, உயிரோடு இருக்கும் நோயாளி தன் வைத்தியச் செலவையும் இழந்த உழைப்பையும் பட்ட வேதனையையும் கேட்கலாம். உழைத்த தகப்பன் இறந்தால், அவரை நம்பி வாழ்ந்த மனைவியும் பிள்ளைகளும் இழந்த ஆதரவைக் கேட்கலாம்.

பிள்ளை இறந்தால்? சொய்சா வழக்கில் உயர் நீதிமன்றம், பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்ததற்குப் பெற்றோர் நட்டஈடு கேட்க இந்தச் சட்டத்தில் இடமில்லை, கணக்கிடக்கூடிய பண இழப்பைத்தான் கேட்கலாம் என்றது. நாலு வயதுப் பிள்ளை எந்தப் பண வருவாயையும் கொண்டுவருவதில்லை. ஆகவே பெற்றோரின் இழப்பில் மிகப் பெரியது கணக்கிலேயே வராமல் போனது. இது நீதியரசர்களின் கல்நெஞ்சு அல்ல, அன்றைய சட்டத்தின் குறை. 2019 இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றி, இறந்தவரின் அன்பையும் துணையையும் இழந்ததற்கும் நட்டஈடு கேட்க வழிசெய்தது. 

எப்போது வழக்குப் போட வேண்டும்? அந்திரட்டி, ஆட்டத்திவசம் எல்லாம் முடியட்டும் என்று பொறுத்திருக்கிறோம்.

பொறுத்திருக்கக் கூடாது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, இப்படியான வழக்கைக் காரணம் எழுந்த நேரத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இங்கிலாந்தில் மூன்று வருடம். பாதிப்பை அறிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று அங்கே 1980 ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. நம் பிரிவில் அப்படி ஒரு வசனம் இல்லை. ஆகவே "போன மாதம்தான் தெரியவந்தது" என்ற வாதத்தை நம்பி இருக்காமல், சிகிச்சை நடந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். வயது குறைந்த பிள்ளைகளுக்கு விதிவிலக்கு உண்டு.

அரசாங்க வைத்தியசாலை என்றால் இன்னொன்றும் உண்டு. ஊழியரின் கவனயீனத்துக்கு அரசு பொறுப்பாகலாம் என்று 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461 ஆம் பிரிவின்படி, சட்டமா அதிபர் மீதோ அரச உத்தியோகத்தர் மீதோ வழக்குப் போட ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆகவே கையில் உள்ளது உண்மையில் இருபத்து மூன்று மாதம்தான். தீவக வைத்தியசாலைகள் மாகாண நிர்வாகத்தின் கீழ், யாழ். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். ஒரே நோயாளியை இரண்டு இடமும் பார்த்திருந்தால், யாரை எதிராளியாகப் பெயர் குறிப்பது என்பதைச் சட்டத்தரணி நிதானமாகப் பார்க்க நேரம் வேண்டும். கட்டணம் கொடுக்க வழியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் அதற்கு அலுவலகம் உண்டு.

எங்களிடம் கிளினிக் கொப்பியும் மருந்துத் துண்டும்தான் இருக்கின்றன. அது போதுமா?

அவை தங்கம் போன்றவை, எறிந்துவிடாதீர்கள். வார்டில் நோயாளியின் கட்டிலோடு இருக்கும் டிக்கட்டில்தான் எந்த நேரம் யார் பார்த்தார்கள், என்ன கண்டார்கள், எப்போது மாற்றச் சொன்னார்கள் என்பதெல்லாம் எழுதியிருக்கும். வீட்டுக்கு விடும்போது தரும் நோய் நிர்ணய அட்டை அதன் சுருக்கம் மட்டுமே. டிக்கட் வைத்தியசாலையிலேயே தங்கிவிடும்.

அதன் பிரதியைக் கேட்க, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். மருத்துவப் பதிவுகளை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்க அந்தச் சட்டம் இடம்கொடுக்காது. ஆனால் சம்பந்தப்பட்டவரின் எழுத்துமூலச் சம்மதம் இருந்தால் கொடுக்கலாம். ஆகவே நோயாளி உயிரோடு இருந்தால், வெளிநாட்டு மகனோ ஊர்ப் பெரியவரோ கேட்காமல், நோயாளியே கையொப்பம் வைத்துக் கேட்பது நல்லது. தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாதவருக்குத் தகவல் உத்தியோகத்தர் உதவ வேண்டும் என்பதும் சட்டம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீட்டுக்குக் குறித்தளிக்கப்பட்ட அலுவலர், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இறந்தவரின் பதிவைக் கேட்கும்போது மரண அத்தாட்சியோடு, உறவைக் காட்டும் பிறப்பு அல்லது விவாக அத்தாட்சியையும் இணையுங்கள். வழக்குத் தொடங்கிய பின் நீதிமன்றமே அந்தப் பதிவுகளை அழைப்பிக்கலாம்.

பிரேதப் பரிசோதனை கட்டாயமா? உடலைப் படகேற்ற வேண்டிய அவசரத்தில் இருக்கிறோம்.

அந்த அவசரத்தின் வலி தீவாருக்குத்தான் தெரியும். ஆனால் சந்தேகம் இருந்தால், படகுக்கு ஓடுமுன் சொல்லுங்கள். தகனம் முடிந்த பிறகு மரணத்துக்கான காரணம் பற்றி எஞ்சுவது காகிதம் மட்டுமே. பொலிஸில் முறைப்பாடு செய்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி அல்லது நீதவான் ஊடாகச் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு வழி உண்டு. காரணம் காட்டும் அந்த அறிக்கைதான் நாம் முன்பு சொன்ன மீதிப் பாதியின் முதுகெலும்பு.

கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவில் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. ஆனால் குற்ற வழக்கில் நிரூபிக்க வேண்டிய அளவு மிகப் பெரிது. 2023 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலுக்கு அனுமதிக்கப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் கை, மருந்தேற்றப் பொருத்திய கனுலாவுக்குப் பின் ஏற்பட்ட பாதிப்பால் அகற்றப்பட்டபோது விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஜூலையில் மன்னாரில் பிரசவத்துக்குப் பின் ஓர் இளந்தாய் இறந்தபோதும் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு விசாரணைகளுக்கு வழிவைத்தது. இரண்டிலும் குடும்பங்கள் உடனே வாய் திறந்ததுதான் விசாரணையைத் தொடக்கியது.

வழக்குக்கு வசதி இல்லை. வேறு எங்கே முறையிடலாம்?

மாகாண, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கு எழுதலாம். வைத்தியரின் நடத்தை பற்றி இலங்கை மருத்துவ சபைக்குச் சத்தியக்கடதாசியோடு எழுதலாம். அது பதிவிலிருந்து பெயரை நீக்கும் அளவுக்கு அதிகாரம் உள்ள சபை, நட்டஈடு மட்டும் தராது. அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ். அலுவலகத்தில் முறையிட்டால், ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

முறையிட்டால் இருக்கிற டொக்டரும் மாறிப் போய்விடுவார். பிறகு தீவுக்கு யார் வருவார்கள்?

இந்தப் பயத்தால்தான் பலர் வாய் மூடி இருக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. குடும்பத்தை விட்டுத் தீவில் வந்து தங்கி, இரவிலும் கதவைத் திறக்கும் வைத்தியர்களை ஊர் தெய்வமாக மதிக்கிறது. அவர்களை வைத்தியசாலை வாசலில் வைத்து ஏசுவதாலும், கைபேசியில் படம்பிடித்துப் பரப்புவதாலும் எந்த நோயும் முந்திக் கண்டுபிடிக்கப்படப் போவதில்லை. எழுத்தில், மரியாதையாக, நேரங்களைக் குறித்துக் கேளுங்கள். அந்தப் பதிவு வைத்தியருக்கும் காவல். "நோயாளியை மாற்ற வேண்டும் என்று 2.15 க்கு அறிவித்தேன், படகு கிடைக்கவில்லை, 4.40 க்கு மீண்டும் கேட்டேன்" என்று டிக்கட்டில் அவர் எழுதி வைத்திருந்தால், பழி அவர் தலையில் விழாது. இரண்டு தரம் கேட்டும் படகு ஏன் வரவில்லை என்ற கேள்வி, அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அலுவலகத்தின் மேசைக்குப் போகும்.